ஒற்றன், விருந்தாளி, தூது: பனிப்போர்க்காலப் பயணங்கள் குறித்துச் சில குறிப்புகள்

1970-களில் விருதுநகரை அடுத்த ஒரு கிராமத்துப் பள்ளியில் நான் படித்தபோது என் பாடப் புத்தகங்களுக்கு அட்டையாக இருந்தவை 'சோவியத் நாடு' இதழின் வழவழப்பான பக்கங்கள். லேசில் கிழியாது, எண்ணெய்க் கை பட்டாலும் துடைத்துவிடலாம். மத்தியானம் தட்டில் விழுந்த மஞ்சள் மாவு உப்புமா 'கேர்' நிறுவனம் வழியாக அமெரிக்காவிலிருந்து வந்தது. ஆக, புத்தகத்துக்கு மேலே மாஸ்கோ, வயிற்றுக்குள்ளே வாஷிங்டன். எங்கள் வகுப்பறையில் இரண்டும் சமாதான சகவாழ்வு நடத்தின. இவை ஒன்றையொன்று பொசுக்கிவிடும் ஆயுதங்களோடு எதிரெதிரே நிற்பவை என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. 'அணுகுண்டு' என்றால் எங்களுக்குப் பச்சை நூல் சுற்றிய வெடி. சிவகாசிச் சரக்கு. திரியைக் கிள்ளிப் பற்றவைத்துவிட்டு ஓடினால் போதும்.

ஓட இடமில்லாத அணுகுண்டைப் பற்றி யோசித்த சிலர், அந்த இரண்டு நாடுகளுக்கும் இடையே தங்கள் சொந்தப் பொறுப்பில் போய் வந்தார்கள். அரசாங்கம் அனுப்பாதவர்கள், அரசாங்கத்திடம் சம்பளம் வாங்காதவர்கள். இதற்கு 'சிட்டிசன் டிப்ளமசி' என்று பெயர் வைத்தார்கள். தமிழில் 'குடிமக்கள் ராஜதந்திரம்' என்று மொழிபெயர்க்கிறார்கள். எனக்கு அந்தச் சொல்லே இடிக்கிறது. ராஜாவும் இருக்கிறார், தந்திரமும் இருக்கிறது. குடிமக்கள் எங்கே நிற்பது? 'தூது' என்ற பழைய சொல்லே போதும். போதும் என்பதல்ல, அதில் இந்த விஷயத்துக்கு வேண்டிய சிக்கல் முழுவதும் ஏற்கனவே இருக்கிறது.

கோவூர்கிழாரை எடுத்துக்கொள்வோம். நலங்கிள்ளி உறையூரை முற்றுகையிட்டிருக்கிறான், நெடுங்கிள்ளி உள்ளே அடைத்துக் கிடக்கிறான். இரண்டு பேரும் சோழர்கள். இரண்டு பேர் மாலையும் ஆத்திமாலைதான், யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடி என்று இருவரிடமும் சொல்கிறார் (புறநானூறு 45). யாரும் அவரை அனுப்பியதாகத் தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் நமக்குச் சொல்லிக்கொடுத்தது இந்தப் பாட்டைத்தான். சற்றுத் தள்ளியிருக்கும் 47-ஆம் பாட்டின் பின்னணி இன்னும் முக்கியமானது. இளந்தத்தன் என்ற புலவர் நலங்கிள்ளியிடமிருந்து உறையூருக்குள் வருகிறார். நெடுங்கிள்ளி அவரை ஒற்றன் என்று கருதிக் கொல்லப் போகிறான். கோவூர்கிழார் பாடிக் காப்பாற்றுகிறார். எதிரிகளுக்கு நடுவே சும்மா போய் வரும் ஒருவரை அதிகாரம் முதலில் என்னவாகப் பார்க்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம். அந்தப் போர் நின்றதா என்று கேட்டால், நெடுங்கிள்ளியின் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் 'காரியாற்றுத் துஞ்சிய' என்ற அடைமொழியே பதில். போர் நிற்கவில்லை. தூது போனவரின் தலை தப்பியது. தூதைப் பற்றிப் பேசும்போது நாம் முதல் கேள்வியை மட்டும் கேட்டுவிட்டு இரண்டாவதை விட்டுவிடுகிறோம்.

தூதுவரை ஒன்றுமில்லாமல் ஆக்க அதிகாரத்திடம் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, ஒற்றன் ஆக்குவது. மற்றது, விருந்தாளி ஆக்குவது. ஒற்றனை அடிப்பார்கள், விருந்தாளிக்கு மாலை போடுவார்கள். இரண்டிலும் தூது கேட்கப்படாமல் போகும்.

விருந்தாளிகளை நமக்கு நன்றாகத் தெரியும். 1958 ஜனவரி 27-இல் அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் பண்பாட்டுப் பரிமாற்ற ஒப்பந்தம் செய்துகொண்ட பிறகு நடனக் குழுக்களும் விவசாய நிபுணர்களும் மாணவர்களும் முறை வைத்துப் போய் வந்தார்கள். இத்தனை பேர் அங்கே போனால் இத்தனை பேர் இங்கே என்று கணக்கு. இந்தியாவிலிருந்து போன தூதுகளும் பெரும்பாலும் இந்த வகைதான். 'சோவியத் நாடு' நேரு விருது வாங்கினால் பரிசுப் பணத்தோடு சோவியத் பயணமும் கிடைக்கும். அமெரிக்கத் தரப்பிலும் அழைப்புக்குக் குறைவில்லை. போனவர்கள் மெட்ரோ ரயிலைப் பார்த்தார்கள், கூட்டுப்பண்ணையைப் பார்த்தார்கள், வந்து பயணக்கட்டுரை எழுதினார்கள். சிலப்பதிகாரத்தை ருஷ்ய மொழியில் தந்த யூரி கிளாசோவ் 1968-இல் ஒரு கண்டனக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டதற்காக வேலையை இழந்தார். 1972-இல் நாட்டை விட்டே வெளியேறினார். இளங்கோவை ருஷ்யாவுக்குக் கொண்டுபோனவருக்கு ருஷ்யாவில் இடமில்லாமல் போனது நம் பயணக்கட்டுரைகளில் நான் படித்தவரை எதிலும் இல்லை. (நானும் அந்தக் கட்டுரைகளை வாய் பிளந்து படித்தவன்தான். மேதாவித்தனமாகப் பேச எனக்கு உரிமை இல்லை.)

எங்கள் ஊர்க்காரர் ஒருவரும் போனார். 1966-இல் காமராஜர் சோவியத் ஒன்றியத்துக்கும் கிழக்கு ஐரோப்பிய நாடுகள் சிலவற்றுக்கும் போய் வந்தார். அப்போது அவர் முதல்வரும் இல்லை, மந்திரியும் இல்லை. ஆனால் ஆளுங்கட்சியின் அகில இந்தியத் தலைவர். பாதிக் குடிமகன், பாதி ராஜா. கதர்ச் சட்டையோடு அங்கே போய் நின்ற காமராஜரைப் பற்றி விருதுநகரில் இன்றும் பெருமையாகப் பேசுவார்கள். பெருமை சரிதான், அது தூது அல்ல, விருந்து. அடுத்த வருஷம் பிப்ரவரியில் சொந்த ஊரிலேயே 1,285 வாக்கு வித்தியாசத்தில் ஒரு மாணவர் தலைவரிடம் தோற்றார் என்பது வேறு கதை.

ராஜாஜி விஷயம் அப்படி அல்ல. அவரோடு எனக்குள்ள தகராறுகள் நிறைய, குலக்கல்வி தொடங்கி. ஆனாலும் இந்த ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். அணு ஆயுதச் சோதனைகளை நிறுத்தச் சொல்லிக் காந்தி சமாதான நிறுவனம் அனுப்பிய குழுவின் தலைவராக அவர் அமெரிக்கா போனபோது வயது 83. எந்தப் பதவியும் கிடையாது. காங்கிரஸை எதிர்த்துச் சுதந்திராக் கட்சி தொடங்கி மூன்று வருஷம் ஆகியிருந்தது. 1962 செப்டம்பர் 28-இல் கென்னடியைச் சந்தித்தார். ஒதுக்கிய நேரத்தைத் தாண்டிப் பேச்சு நீண்டது. இங்கே கவனிக்க வேண்டியது, கம்யூனிஸ்டுகளை ஜென்ம விரோதிகளாகக் கருதிய ஒருவர் அமெரிக்காவிடம் போய் 'நீ நிறுத்து' என்று கேட்டது. இதையே ஒரு இடதுசாரி போய்க் கேட்டிருந்தால் மாஸ்கோவின் ஆள் என்று ஒரே வார்த்தையில் கதையை முடித்திருப்பார்கள். ராஜாஜியை ஒற்றன் ஆக்க முடியவில்லை. மூன்றே வாரத்தில் கியூபா நெருக்கடி வந்தது. உலகம் நூலிழையில் தப்பியது.

ராஜாஜி விமானத்தில் போன அதே வருஷம் இரண்டு இளைஞர்கள் நடந்து போய்க்கொண்டிருந்தார்கள். ஈ.பி. மேனன், சதீஷ் குமார். அணு ஆயுதத்தை எதிர்த்துத் தொண்ணூறு வயதை நெருங்கிய பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் 1961-இல் சிறை போன செய்தி அவர்களை உசுப்பியது. 1962 ஜூன் 1-இல் டில்லி ராஜ்காட்டில் புறப்பட்டார்கள். போகச் சொன்ன வினோபா, கையில் காசு வைத்துக்கொள்ளாதீர்கள் என்றும் சொல்லியிருந்தார். பாகிஸ்தான் எல்லையில் வழியனுப்ப வந்தவர்கள் 'எதிரி நாடு, சோறு கிடைக்குமோ கிடைக்காதோ' என்று சாப்பாட்டுப் பொட்டலங்களை நீட்டியபோது சதீஷ் குமார் வாங்கவில்லை. அது சோறு அல்ல, அவநம்பிக்கை என்றார். எல்லையைத் தாண்டியதும், பத்திரிகையில் இவர்களைப் பற்றிப் படித்திருந்த ஒரு பாகிஸ்தானியர் தேடி வந்து வீட்டுக்கு அழைத்தார்.

காசில்லாமல் போவதை ஆன்மிகம் என்று நினைத்துக்கொண்டால் விஷயம் தப்பிவிடும். காசில்லாதவன் தினமும் யார் வீட்டிலாவது சாப்பிட்டாக வேண்டும். அரசு விருந்தினர் மாளிகை அவனுக்குக் கிடையாது. அதாவது அவனை 'விருந்தாளி' ஆக்க அரசுக்கு வழியில்லை. சாதாரண ஜனங்களுக்கு மட்டுமே வழியுண்டு. ஜார்ஜியாவில் ஒரு தேயிலைத் தொழிற்சாலை வாசலில் இரண்டு பெண் தொழிலாளர்கள் நான்கு தேயிலைப் பொட்டலங்கள் கொடுத்தார்கள். மாஸ்கோ, பாரிஸ், லண்டன், வாஷிங்டன் தலைவர்களுக்கு ஒவ்வொன்று. குண்டுப் பொத்தானை அழுத்தத் தோன்றினால் ஒரு நிமிஷம் நிறுத்தி இந்த டீயைப் போட்டுக் குடிக்கச் சொல்லுங்கள் என்பது சேதி. பாரிஸில் அவர்களைப் பிடித்துச் சிறையில் போட்டார்கள். விருந்தாளி ஆக்க முடியாதவர்களுக்கு அடுத்த வழி அதுதானே. கடைசியில் வாஷிங்டன் போய்ச் சேர்ந்தபோது கென்னடி உயிரோடு இல்லை. ராஜ்காட்டில் தொடங்கிய நடை ஆர்லிங்டன் கல்லறையில் முடிந்தது.

டீ குடித்ததால் யாராவது மனம் மாறினார்களா என்று நண்பர்கள் கேலியாகக் கேட்பதுண்டு. நியாயமான கேலி. தலைவர்களின் மனத்தை மாற்றுவது தூதின் வேலை என்று நினைத்தால் தோல்விக் கணக்குத்தான் மிஞ்சும். 1963 ஆகஸ்ட் 5-இல் மாஸ்கோவில் பகுதிச் சோதனைத் தடை ஒப்பந்தம் கையெழுத்தானது. அதற்கு முன் கென்னடிக்கும் குருஷ்சேவுக்கும் இடையே சேதி சுமந்து போய் வந்தவர் நார்மன் கஸின்ஸ், ஒரு வார இதழின் ஆசிரியர். (சிறுபத்திரிகைக்காரர்கள் உடனே மீசையை முறுக்க வேண்டாம், அது பெரிய பத்திரிகை.) அவருடைய பங்கு உண்மையானது. ஆனால் அந்த ஒப்பந்தம் சோதனையை நிறுத்தவில்லை. காற்றிலும் கடலிலும் விண்வெளியிலும் நடந்ததை நிலத்துக்கு அடியில் தள்ளியது. புகை கண்ணுக்குத் தெரியாமல் போனதும் உலகத்தின் கோபமும் பாதியாகக் குறைந்தது.

நிலத்துக்கு அடியில் போன பிறகு ஒரு புதிய வாதம் பிறந்தது. ருஷ்யா ரகசியமாக வெடித்தால் எப்படிக் கண்டுபிடிப்பது? கண்டுபிடிக்க முடியாது, அதனால் முழுத்தடைக்கு ஒப்ப முடியாது என்றது அமெரிக்கத் தரப்பு. கந்தகக் காட்டில் பிறந்த எனக்கு இதைப் படித்தபோது சிரிப்பு வந்தது. எங்கள் பக்கம் எங்காவது பட்டாசு ஆபீசில் வெடித்தால் முதலில் தெரிவது சத்தம்கூட இல்லை, அதிர்வு. பித்தளைப் பாத்திரம் கிணுங்கும். கிழவிகள் வாசலுக்கு வந்து 'மேக்க', 'வெம்பக்கோட்டைப் பக்கம்' என்று திசை சொல்வார்கள். பெரும்பாலும் தப்பாது. வெடியை மறைக்கலாம், மண்ணின் நடுக்கத்தை மறைக்க முடியாது.

இந்தக் கிழவிகளின் அறிவைத்தான் கருவிகளோடு 1986-இல் சில அமெரிக்க விஞ்ஞானிகள் சோவியத் ஒன்றியத்துக்கு எடுத்துப்போனார்கள். அமெரிக்க அரசு அனுப்பவில்லை. ஒரு தனியார் சுற்றுச்சூழல் அமைப்பு சோவியத் அறிவியல் கழகத்தோடு நேரடியாக ஒப்பந்தம் போட்டது. 1985 ஆகஸ்ட் 6, ஹிரோஷிமா நாளிலிருந்து சோவியத் தரப்பு தன்னிச்சையாகச் சோதனைகளை நிறுத்தி வைத்திருந்த சமயம். 1986 ஜூலையில் கஜகஸ்தானில் செமிபலடின்ஸ்க் சோதனைத் தளத்துக்குத் தொலைவில் கர்கராலின்ஸ்க் என்ற இடத்தில் நில அதிர்வுமானிகளைப் பதித்தார்கள். முந்தின வருஷம்வரை ஒரு அமெரிக்கர் அந்தப் பக்கம் கருவியோடு நின்றிருந்தால் சந்தேகமே இல்லாமல் ஒற்றன். இப்போது அதே ஆள், அதே வேலை, பகிரங்கமாக. ஒற்றன் செய்வதை ஒளிக்காமல் செய்தால் அவனுக்குச் சாட்சி என்று பெயர். முடியாது என்று சொல்லப்பட்டது முடிந்துவிட்டது. 1988-இல் ஆகஸ்டில் நெவாடாவிலும் செப்டம்பரில் செமிபலடின்ஸ்கிலும் இரண்டு அரசுகளுமே கூட்டாக வெடித்து அளந்து பார்த்துக்கொண்டன.

1983-இல் ஆந்த்ரபோவ் அழைப்பில் சோவியத் நாட்டைச் சுற்றிவந்த பதினோரு வயது அமெரிக்கச் சிறுமி சமந்தா ஸ்மித்தை உலகம் முழுக்கத் தெரியும். எங்கள் ஊர்வரை அவள் படம் வந்தது. கர்கராலின்ஸ்க் யாருக்கும் தெரியாது. சிரிக்கும் விருந்தாளியைப் படம் எடுக்கலாம், மண்ணுக்குள் புதைத்த கருவியை என்னவென்று படம் எடுப்பது?

அப்புறம் ஒரு கவிஞர் வருகிறார். கோவூர்கிழாரின் வம்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1989 பிப்ரவரியில் செமிபலடின்ஸ்கில் நடந்த சோதனைகளிலிருந்து கதிரியக்க வாயு வெளியே கசிந்தது. கஜக் கவிஞர் ஒல்ஜஸ் சுலைமெனோவ் தொலைக்காட்சியில் கவிதை வாசிக்க வேண்டியிருந்தார். கவிதையை மடித்து வைத்துவிட்டு இந்தச் செய்தியைச் சொல்லி, மக்களைக் கூடச் சொன்னார். சில நாளில் ஆயிரக்கணக்கில் கூடினார்கள். பிறந்த இயக்கத்தின் பெயர் 'நெவாடா–செமிபலடின்ஸ்க்'. அந்தப் பெயரையே சற்று நேரம் பார்த்துக்கொண்டிருக்கலாம். அமெரிக்காவும் ருஷ்யாவும் அதில் இல்லை. வாஷிங்டனும் மாஸ்கோவும் இல்லை. குண்டு வெடிக்கும் இரண்டு ஊர்கள், ஒரு சிறு கோட்டால் இணைக்கப்பட்டு. நெவாடாப் பாலை தங்கள் மண் என்று சொல்லும் மேற்கு ஷோஷோனிப் பழங்குடிகளோடு கஜக் மேய்ப்பர்கள் உறவு கொண்டாடினார்கள். நாடும் நாடும் பேசிக்கொள்ளும் தூது அல்ல இது; குண்டுக்குக் கீழே இருப்பவனும் குண்டுக்குக் கீழே இருப்பவனும் பேசிக்கொள்வது. 1949-இலிருந்து 456 சோதனைகளைத் தாங்கிய அந்தத் தளம் 1991 ஆகஸ்ட் 29-இல் மூடப்பட்டது. நான் அறிந்தவரை பனிப்போர்க்கால மக்கள் தூதுகளில் கையில் பிடித்துக் காட்டக்கூடிய பலன் என்றால் இதுதான்.

பனிப்போர் முடிந்துவிட்டது என்று அதே வருஷம் அறிவித்தார்கள். முடிந்ததா? கூடங்குளத்தைப் பாருங்கள். 1988 நவம்பரில் ராஜீவ் காந்தியும் கோர்பசேவும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் வந்த ருஷ்ய உலைகள். ஃபுகுஷிமாவுக்குப் பிறகு, 2011-இல், இடிந்தகரையில் மீனவப் பெண்கள் உட்கார்ந்தார்கள். 2012 பிப்ரவரியில் ஒரு அறிவியல் இதழுக்குக் கொடுத்த நேர்காணலில் பிரதமர் மன்மோகன் சிங் இந்தப் போராட்டத்துக்குப் பின்னால் அமெரிக்கத் தொண்டு நிறுவனங்கள் இருப்பதாகச் சொன்னார். உலை ருஷ்யாவுடையது, ஆகவே எதிர்ப்பவள் அமெரிக்காவின் ஆள்! தன் கடல், தன் வலை, தன் பிள்ளை என்று பேசுகிற ஒருத்தி தனக்காகப் பேசுகிறாள் என்று ஒரு நிமிஷமாவது நினைத்துப் பார்க்க அதிகாரத்தின் சொல்லாடலில் இடமே இல்லை. ஆயிரக்கணக்கானவர்கள் மேல் தேசத்துரோக வழக்கு. இளந்தத்தன் இன்னும் உறையூர் வாசலிலேயே நிற்கிறான்.

2012 செப்டம்பர் மாதத்தை நான் மறக்க முடியாது. 5-ஆம் தேதி சிவகாசி முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து நாற்பது பேர்வரை செத்தார்கள். அதில் பலர் அங்கே வேலை பார்த்தவர்களே இல்லை. முதல் வெடியைக் கேட்டுக் காப்பாற்றவும் பார்க்கவும் ஓடிப்போன பக்கத்து ஊர்க்காரர்கள். 10-ஆம் தேதி இடிந்தகரைக் கடற்கரையில் போலீஸ் அடித்து விரட்டியது, மணப்பாட்டில் ஒரு மீனவர் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். 25-ஆம் தேதி, இடிந்தகரை மக்களைப் பார்ப்பதற்காக வந்த மூன்று ஜப்பானியர்கள் சென்னை விமான நிலையத்திலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பப்பட்டார்கள். ஹிரோஷிமாவும் ஃபுகுஷிமாவும் நடந்த நாட்டிலிருந்து வந்தவர்கள் ஒரு கடற்கரைக் கிராமத்தில் என்ன பேசிவிடுவார்கள்? செமிபலடின்ஸ்க் நெவாடாவோடு பேசியதைத்தான் பேசியிருப்பார்கள். அதைத்தான் அனுமதிக்க முடியாது.

அரசை மட்டும் குறை சொல்லி ஒதுங்கிக்கொள்ள எனக்கு வழியில்லை. 80-களின் கடைசியில் சாத்தூர்ப் பக்கத்துத் தீப்பெட்டி ஆபீஸ்களைப் பார்க்க வந்த ஒரு வெளிநாட்டு ஆய்வாளருக்கு நான் துணைக்குப் போனேன். ஒரு ஆபீசில் நாற்காலி போட்டு, கலர் வாங்கிக் கொடுத்து, பெரியவர்கள் மட்டும் இருந்த அறையைக் காட்டி அனுப்பினார்கள். சட்டத்தில் குச்சி அடுக்கும் பிள்ளைகள் அன்றைக்கு எங்கே என்று தெரியவில்லை. வெளியே டீக்கடையில் ஒரு பெரியவர் என்னிடம் மட்டும் மெதுவாகக் கேட்டார்: "தம்பி, நீ யாருக்கு ஆளு? தொழிலக் கெடுக்க சுவீடன்காரன் அனுப்பிச்சானா?" உள்ளே விருந்தாளி, வெளியே ஒற்றன், ஒரே மத்தியானத்தில். பெரியவரைக் குற்றம் சொல்ல முடியாது. ஆபீஸ் மூடினால் அன்றைக்கு அவர் வீட்டில் உலை ஏறாது. 1996 டிசம்பர் 10-இல் உச்ச நீதிமன்றம் சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் வழக்கில் தீர்ப்பளித்தபோதும் ஊரில் பல பேர் பேசிக்கொண்டது இதே 'வெளிநாட்டுச் சதி'யைத்தான். அந்தத் தீர்ப்புக்குப் பின்னால் இருந்த பிள்ளைகளைப் பற்றி அவ்வளவு பேர் பேசவில்லை.

சிவகாசிக்குப் பயணம் ஒன்றும் புதிதல்ல. 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்ததில்தான் இந்த ஊரின் கதையே தொடங்குகிறது. முதலாளி போகலாம், வியாபாரி போகலாம். இன்று உலகத்திலேயே அதிகப் பட்டாசு செய்யும் ஊர் சீனாவில் ஹுனான் மாகாணத்து லியூயாங். அடுத்த பெரிய பெயர் சிவகாசி. இங்கே தீபாவளி நெருங்கினால் 'சீனப் பட்டாசைப் புறக்கணிப்போம்' என்று சுவரொட்டி ஒட்டுகிறார்கள். லியூயாங்கிலும் ஆலைகள் வெடிக்கின்றன, அங்கேயும் ஜனங்கள் சாகிறார்கள். இரண்டு ஊர்த் தொழிலாளர்களும் ஒருவரையொருவர் பார்த்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. பாஸ்போர்ட் அவர்கள் வீட்டில் இருக்கிற பொருள் அல்ல. ஆபீஸ் வண்டி விடியற்காலை வந்து ஏற்றிக்கொண்டு போய் இருட்டும்போது இறக்கிவிடும், அவ்வளவுதான் அவர்கள் பயணம்.

இந்தக் கட்டுரைக்குக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தபோது, எங்கள் தெருவிலிருந்து பட்டாசு ஆபீசுக்குப் போகிற ஒரு அக்காவிடம் லியூயாங் பற்றிச் சொன்னேன். இருபது வருஷமாகப் போகிறவர், விரல் நகங்களில் அலுமினியப் பவுடரின் வெள்ளி மினுமினுப்பு போகவே போகாது. சீனாக்காரன்தான் நம் பிழைப்பில் மண்ணைப் போடுகிறவன் என்று அவருக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"அங்கயும் மருந்துக் கலவை ரூமுல ஆளுக வேல பாப்பாகள்ல, தம்பி?"

"பாக்கத்தான் செய்வாக."

"வெடிச்சா அவுகளுக்கு என்ன குடுப்பாகன்னு யாருகிட்டயாவது கேட்டுச் சொல்லு."

வண்டி வந்துவிட்டது, ஏறிப் போய்விட்டார்.